செண்பகம் கைக்குத்தான் காய்க்கும்

அந்தப் பையை மட்டும் மிதிச்சுராதீங்க தம்பி, உள்ள காய் இருக்கு. இல்ல இல்ல, உங்க சாக்கை எடுக்க வேண்டாம், அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நான் பையை மடியில வச்சுக்கிறேன். கனமெல்லாம் இல்ல. மூணு கத்திரிக்கா, ஒரு கைப்பிடி கருவேப்பில. அம்புட்டுத்தான்.

உங்களுக்கு எங்க, ஒட்டன்சத்திரமா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். வெறுஞ்சாக்கு இத்தனை மடிச்சு வச்சிருக்கீங்களேன்னு பாத்தேன். காய் யாவாரமா? அங்க எடுத்துட்டு வந்து மதுரையில விக்கிறீங்க. சரிதான். தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, நான் கடைக்காயைத் தொட்டு நாலு வருஷமாச்சு. உங்களைச் சொல்லல. நீங்க வாங்கி விக்கிறவரு, உங்க மேல என்ன தப்பு. அதுல என்னென்ன அடிச்சிருக்கான்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏன்னா அடிக்கிறதுக்கு மருந்து குடுத்தவனே நான்தான்.

என் பேரு பரஞ்சோதி. கூட்டுறவு உரக்கடையில முப்பத்தோரு வருஷம் சர்வீஸ். யூரியா, பொட்டாஷ், புழுவுக்கு ஒண்ணு, பூச்சிக்கு ஒண்ணு, காய் பளபளன்னு இருக்கிறதுக்கு ஒண்ணு. சம்சாரி வந்து, "ஐயா, கத்திரியில புழு விழுகுது"ன்னு நிப்பான். ரெண்டு மூடி ஊத்துன்னு டப்பாவுல எழுதியிருக்கும். நான் நாலு மூடின்னு சொல்லி அனுப்புவேன். அப்பத்தான் கேக்கும்னு அன்னைக்கு ஒரு நெனப்பு. அந்தக் காயெல்லாம் எங்க போச்சு? எல்லா வீட்டுக்கும்தான் போச்சு. என் வீட்டுக்கும் வந்துச்சு.

நான் ரிட்டயராகி நாப்பது நாள்கூட ஆகல, என் சம்சாரத்துக்கு மார்ல ஒரு கட்டி. செண்பகவல்லின்னு பேரு, செண்பகம்னு கூப்பிடுவேன். அறுத்து எடுத்து சோதிச்சுப் பாத்தாங்க. சாதாரணக் கட்டிதான், ஒண்ணும் பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவ சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு வந்துட்டா. எனக்குத்தான் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சை விட்டு எந்திரிக்க முடியல. நாலு மூடி, நாலு மூடின்னு என் குரலே எனக்குக் கேக்குது. அன்னைக்கு முடிவு பண்ணேன் தம்பி. இனி இவ வாய்க்குள்ள ஒரு கடைக்காய் போகக்கூடாது. நானே வெளைய வச்சு நானே போடுவேன்.

நமக்கு நிலமா கிடக்கு? கூடல் நகர்ல ஒரு மாடி வீடு. மொட்டை மாடியில நாப்பத்திரெண்டு பை வச்சேன். தேங்கா நாரு, மண்புழு உரம், எருன்னு நானே கலந்தேன். பஞ்சகவ்யம் நானே போட்டேன். மீனும் வெல்லமும் சேத்து ஊற வச்ச மீன் அமிலம் நானே போட்டேன். பக்கத்து வீட்டுக்காரரு நாத்தம் தாங்கலன்னு சன்னலுக்குப் பலகை அடிச்சாரு. அடிச்சா அடிச்சுக்கட்டும். வாரம் ரெண்டு தரம் பஞ்சகவ்யம், தினம் காலையில வேப்பெண்ணெய்க் கரைசல். பூ, பிஞ்சு, இலை ஒண்ணு விடாம நனைய நனைய அடிப்பேன்.

என்ன சொல்றீங்க? பூவுல வேப்பெண்ணெய் அடிச்சா தேனீ வராதா? நீங்க விக்கிறவரு தம்பி. நான் வெளைய வைக்கிறவன். சரி, கேளுங்க.

மொத மூணு மாசம் ஒண்ணுமே காய்க்கல. பொய் சொல்லல, ஒரு வெண்டைக்கா இல்ல. செடி ஆள் உயரத்துக்கு நிக்குது, இலை ஒவ்வொண்ணும் தாம்பாளம் மாதிரி இருக்குது. பூக்கும், மறுநாள் பாத்தா உதுந்து கிடக்கும். அந்த மூணு மாசமும் வீட்டுல பருப்பு, அப்பளம், மோர்க்குழம்பு, இதேதான். சபதம்னா சபதம். ஒரு நாள் காலையில பந்தலுக்கு அடியில உக்காந்து அழுதுட்டேன். ஆம்பளை அறுபது வயசுல அவரைக் கொடிக்குக் கீழ உக்காந்து அழுதேன்னு சொன்னா சிரிப்பீங்க. செண்பகம் காப்பி கொண்டு வந்தவ பாத்துட்டா. டம்ளரைக் கீழ வச்சுட்டுப் பக்கத்துல உக்காந்துக்கிட்டா.

கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏங்க, எங்க ஊருப் பக்கம் ஒரு வழக்கம் இருக்கு"ன்னா. அவளுக்கு நத்தம் பக்கம். "நட்டவங்க கண்ணு படக்கூடாதுங்க. நீங்க தண்ணி ஊத்துங்க, மருந்து அடிங்க, எல்லாம் செய்ங்க. ஆனா காயைத் தேடாதீங்க. பறிக்கிறப்போ மாடியிலயே இருக்காதீங்க. வீட்டுப் பொம்பளை தனியாப் போயி பறிக்கணும். அதுவும் வெயில் ஏறுனப்புறம், பத்து மணிக்கு மேலதான்"ன்னு சொன்னா.

எனக்கு இந்தக் கண்ணு, காத்து எதுலயும் நம்பிக்கை கிடையாது. நான் சயின்ஸ் படிச்சவன். இருந்தாலும் அவ மனசு நோக வேண்டாம்னு சரின்னேன். எனக்குத்தான் தினம் ஒம்பதரைக்கெல்லாம் ஓய்வூதியர் சங்கம் இருக்கே. போயிட்டு மதியம் சாப்பாட்டுக்கு வந்தேன். அடுப்பாங்கரையில ஒரு கூடை இருக்கு. மூங்கில் கூடை, இம்புட்டு அகலம். அது நெறைய காய். கத்திரி, வெண்டை, அவரை, நாலு தக்காளி. "எல்லாம் இலைக்குப் பின்னால ஒளிஞ்சு கிடந்துச்சுங்க. உங்க கண்ணுல படல"ன்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. அந்தக் கூடையைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல போயி நாலு வீட்டுக்குக் காட்டிட்டு வந்தேன். அன்னைலேருந்து ஒரு நாள் தவறல தம்பி. நாலு வருஷம். நான் காலையில அஞ்சரைக்கு ஏறி எட்டரைக்கு எறங்குவேன். காயைத் தேட மாட்டேன், அது கட்டுப்பாடு. அவ பத்து மணிக்கு மேல ஏறுவா. மழையோ வெயிலோ, கூடை நெறைஞ்சுதான் எறங்கும். சித்திரை மாசம் ஊரே காயுது, சங்கத்துல மாடித்தோட்டம் வச்சிருக்கிற மத்தவங்க எல்லாம் செடி கருகிப் போச்சுன்னு அழுவுறாங்க. எங்க வீட்டுல புடலங்கா. அதுதான் இயற்கை உரம்.

அவ கைராசி ஒரு பக்கம் இருக்கட்டும், அவ சுத்தம் இருக்கே, அதைச் சொல்லணும். கொத்தமல்லியைப் பறிச்சு வாழை நார்ல கட்டிக் கொண்டுவருவா. கடையில கட்டுவாங்க பாருங்க, அச்சு அசலா அதே மாதிரி. எதுக்கு இந்த வேலைன்னு கேட்டா, கட்டிவச்சா வாடாதுங்கன்னு சொல்லுவா.

நீங்க ஏன் சன்னல் பக்கம் திரும்பிக்கிறீங்க? வெயில் அடிக்குதா? இந்தத் திரையை இழுத்துவிடுங்க.

இன்னொண்ணு சொல்றேன், உங்க யாவாரத்துக்கு உதவும். கடைக்காய் வேக வச்சா சுருங்கும். எங்க தோட்டத்துக் காய் வேக வச்சா விரியும். இதை நான் கண்ணால பாத்தவன். எப்பயாச்சும் காலையில தண்ணி ஊத்தும்போது ஒண்ணு ரெண்டு வெண்டைக்கா தன்னால கண்ணுல பட்டுரும். பறிச்சுக் கொண்டுபோயி, "இந்தா, இன்னைக்கு இதையும் சேத்துக்க"ன்னு குடுப்பேன். நாலு காய் இருக்கும். மதியம் வந்து பாத்தா ஒரு சட்டி நெறைய பொரியல். உள்ள இருக்கிற சத்து சூட்டுல விரியுது. சங்கத்துல மாடித்தோட்டக்காரங்க கூட்டத்துல இதை விளக்கி அரை மணி நேரம் பேசுனேன். ஒருத்தரு எந்திரிச்சு, "எங்க வீட்டுல விரியலையே சார்"ன்னாரு. நீங்க மனசாரச் செய்யல, அதான்னு சொல்லி உக்கார வச்சேன்.

ருசி வேற. என் மச்சினன் ஒரு தரம் வந்தப்போ சாம்பாரைச் சாப்பிட்டுட்டு, "எல்லா வீட்டுக் காய் மாதிரிதானே மாமா இருக்கு"ன்னான். நாக்கு செத்தவன். அவன் பொண்டாட்டிக்கு மட்டும் செண்பகம் ஒரு பை காய் குடுத்து அனுப்பிச்சா. யார் வந்தாலும் ஒரு பை உண்டு. தோட்டத்துக்காரரு வீட்டுலேருந்து வெறுங்கையோட போகக்கூடாதுன்னு சொல்லுவா. எனக்குப் பெருமையா இருக்கும். இம்புட்டுக் குடுத்தும் மறுநாள் கூடை நெறைஞ்சிருக்கும்.

எல்லாத்தையும் விடுங்க. இதோ, போன்ல படம் பிடிச்சு வச்சிருக்கேன் பாருங்க, அவ ரிப்போர்ட்டு. வருஷா வருஷம் பாக்குறோம். ரத்தம், ஸ்கேன், எல்லாமே நார்மல். நாலு வருஷமும் நார்மல். டாக்டர் கேட்டாரு, என்ன சாப்பிடுறீங்கம்மான்னு. அவ வாயே தொறக்கல. நான்தான் சொன்னேன், சொந்தத் தோட்டத்துக் காய் டாக்டர், வெளிக்காய் ஒண்ணு கிடையாதுன்னு. அவரு தலையாட்டி, அப்படியே இருங்கன்னாரு. அவ தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. கூச்ச சுபாவம்.

இந்த ரிப்போர்ட்டுதான் என் பென்ஷன், என் சொத்து, எல்லாம். இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்.

சோழவந்தான் ரோடு தாண்டிருச்சா? தண்ணி குடிக்கிறீங்களா? வேண்டாமா. சரி.

இப்ப ஏன் ஒட்டன்சத்திரம் போறேன்னு கேக்கலையே நீங்க. அவளைக் கூட்டிட்டு வரத்தான். என் மக மங்கையை அங்கதான் குடுத்திருக்கு. மாப்பிள்ளை பேங்க்ல இருக்காரு, மார்க்கெட்டுக்குப் பின்னாடித் தெருவுல வீடு. நீங்க காய் எடுக்கிற அதே மார்க்கெட்டுதான். செண்பகம் அங்க போயி மூணு மாசமாச்சு. பத்து நாள்னு சொல்லிட்டுப் போனவ.

கோவம். வேற என்ன. ஒரு காய்க்காரனால வந்த கோவம்.

அன்னைக்குச் சங்கத்துல ஒரு மெம்பர் இறந்துட்டாருன்னு அஞ்சலி மாலையோட மூடிட்டாங்க. பத்து மணிக்கே திரும்பி வந்துட்டேன். எங்க தெரு முக்குல தள்ளுவண்டி நிக்குது. ஒச்சப்பன்னு ஒருத்தன், உசிலம்பட்டிப் பக்கத்து ஆளு. அவன் சொல்லிக்கிட்டிருக்கான், "அம்மா, நேத்து நீங்க கேட்டபடிக்கு வெண்டைக்காயைப் பிஞ்சாப் பொறுக்கி வச்சிருக்கேன்"னு. யாருகிட்டன்னு பாத்தா, என் சம்சாரம். கையில கூடை. எங்க மாடிக் கூடை. நாலு வருஷமா நம்ம காய் தவிர வேற எதுவும் படாத கூடை தம்பி, அதுக்குள்ள அவன் வெண்டைக்காயை அள்ளிப் போடுறான்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. "என்ன இது?"ன்னேன். அவ மொகம் வெளுத்துப் போச்சு. அப்புறம், "எதுத்த வீட்டு ஸ்டெல்லா டீச்சருக்குங்க. அவங்களுக்குக் கால் வலி, வெளிய வர முடியல"ன்னா. எதுத்த வீட்டு டீச்சருக்கு உதவுறது தப்பில்ல, அதை நான் நம்புறேன், அவ அப்படிப்பட்டவதான். ஆனா நம்ம கூடையிலயா வாங்குறது? தெருவுல நாலு பேரு பாத்தா, பரஞ்சோதி வீட்டுலயே கடைக்காய்தான்னு பேச மாட்டாங்களா? அந்த ஒச்சப்பன் வேற கொழுப்பெடுத்துப் போயி, "ஐயா, அம்மா நாலு வருசமா என்கிட்டதான் வாங்குறாங்க"ன்னான். நாலு வருஷமா டீச்சருக்குச் சுமந்திருக்கா பாவம், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. டீச்சரு ஒத்தை ஆளு, அவங்களுக்கு எதுக்குத் தினம் ரெண்டு கிலோ காய்னு தெரியல. அது அவங்க பாடு.

அந்தக் கூடையை வாங்கி வண்டியில கவுத்தேன். இனி இந்தத் தெருப்பக்கம் வந்தேன்னா பாருன்னு அவனை விரட்டுனேன். அத்தோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல.

செண்பகத்தைப் பாத்துச் சொன்னேன், எல்லாருக்கும் கேக்கச் சொன்னேன். "நான் வெளைய வச்சுப் போடலேன்னா நீ இந்நேரம் செத்துப் போயி நாலு வருஷம் ஆயிருக்கும்டி"ன்னேன்.

அவ என்னைப் பாத்தா. அழல. என்னமோ சொல்றதுக்கு வாய் தொறந்தா. அப்புறம் மூடிக்கிட்டா. காலி கூடையை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. மறுநாள் விடியக்காலை, மங்கைக்கு உடம்பு முடியலையாம், பத்து நாள் போயிட்டு வரேன்னு கிளம்பிட்டா. மங்கைக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருந்திருக்கா.

நான் சொன்னதுல பொய் இருக்கா? ரிப்போர்ட்டே இருக்கு. இருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது. உங்ககிட்டதான் ஒத்துக்கிறேன். வேற யாருகிட்டயும் இதைச் சொன்னதில்ல.

அவ போன அன்னைலேருந்து தோட்டம் நின்னு போச்சு தம்பி. சுவிட்சை அணைச்ச மாதிரி. அதே தண்ணி, அதே உரம், அதே வேப்பெண்ணெய். ஒரு காய் இல்ல. பறிக்க வேற ஆள் இல்லாததால நானே பத்து மணிக்கு மேல ஏறித் தேடுனேன். இலைக்குப் பின்னாடி, பந்தலுக்கு மேல, பைக்கு அடியில, எல்லாம் பாத்தாச்சு. இலை இருக்குது, பூ உதுருது. செடிக்கு உணர்ச்சி உண்டுன்னு படிச்சிருக்கேன். அதுக்கும் ஆள் தெரியுது. அவ கைக்குத்தான் காய்க்கும்னு அடம் பிடிக்குது.

சும்மா இருக்கல நான். தினம் காலையில அவளுக்குப் போன் போடுவேன். ஸ்பீக்கர்ல போட்டு கத்திரிப் பை மேல வச்சிருவேன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கதவைப் பூட்டுனீங்களான்னு அவ பேசுவா. அந்தச் சத்தம் செடிக்குக் கேக்கட்டும்னுதான். அப்படிப் போட்டதுல வந்ததுதான் இந்த மூணு கத்திரிக்கா. மூணு மாசத்துக்கு மூணு. ஒண்ணுல பாதி அணில் தின்னது.

சாப்பாடா? மோர்ச்சோறு, ஊறுகா. நாலு கிலோ குறைஞ்சு போயிட்டேன். சட்டையைப் பாருங்க, தொளதொளன்னு. சபதத்தை விட முடியுமா? ஸ்டெல்லா டீச்சரு அப்பப்ப கூட்டு, பொரியல்னு கிண்ணத்துல கொண்டு வந்து குடுப்பாங்க. வாங்கி வச்சுட்டு, அவங்க போனதும் நாய்க்குப் போட்டுருவேன். கடைக்காய்ல செஞ்சது. டீச்சருக்குக் கால் வலியெல்லாம் நல்லாப் போயிருச்சு போல, மாடிப்படி ஏறி எறங்குறாங்க. ஒரு நாள் கேட்டேன், செண்பகம் இல்லாம காய் வாங்க சிரமமா இருக்குமேன்னு. அவங்க என்னையே பாத்தாங்க. "செண்பகம் அக்காவைப் போயிக் கூட்டிட்டு வந்துருங்க சார். முதல்ல அதைச் செய்ங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

மங்கைக்குப் போன் பண்ணா அவ ஒரு மாதிரி பேசுறா. "அம்மா இங்க நிம்மதியா இருக்காங்கப்பா. காலையில மார்க்கெட்டுக்குப் போறாங்க, பிடிச்சதை வாங்குறாங்க, ஒளிச்சு வைக்காம சமைக்கிறாங்க"ன்னா. எதை ஒளிச்சு வைக்கணும், என்ன பேச்சு இது. நேத்து, நான் வந்து கூட்டிட்டுப் போறேம்மான்னு சொன்னேன். "வாங்க. வந்தா மட்டும் அம்மா கிளம்பிருவாங்கன்னு நெனைக்காதீங்க. நீங்க சொன்னதை அவங்க மறக்கல"ன்னு வச்சுட்டா.

அதான் பயமா இருக்கு. வெளிப்படையாவே சொல்றேன், பயமா இருக்கு. வரமாட்டேன்னு சொல்லிட்டான்னா நான் என்ன பண்றது? நாப்பத்திரெண்டு பையை வச்சுக்கிட்டு நான் யாருக்குத் தண்ணி ஊத்துறது? அவளுக்காகத்தானே எல்லாம். அவ இல்லாத வீட்டுல கதவைத் தொறந்தா மீன் அமில வாசனைதான் வருது. முன்னாடியும் அந்த வாசனை இருந்திருக்கும். எனக்குத் தெரியல.

என்ன தம்பி? சொல்ல வந்ததைச் சொல்லுங்க. ஏன் இழுக்குறீங்க? அம்மா எங்கேருந்து காய் கொண்டு வந்தாங்கன்னு யோசிச்சீங்களான்னா? அதான் சொன்னேனே, மாடியிலேருந்து. நாப்பத்திரெண்டு பை. நீங்க கவனிச்சுக் கேக்கல, பரவாயில்ல, பஸ் சத்தம்.

இருங்க, போன் வருது. அவதான். அவளா கூப்பிடுறது மூணு மாசத்துல இதுதான் முதல் தரம். அமைதியா இருங்க.

"செண்பகமா. சொல்லு. ஆமா, பஸ்லதான். திண்டுக்கல் தாண்டியாச்சு. சாப்பிட்டேன், சாப்பிட்டேன். இல்ல, இளைக்கல, யார் சொன்னா? டீச்சரா? அவங்களுக்கு வேற வேலை இல்ல. என்னது? தோட்டமா? தோட்டம்... தோட்டத்துக்கென்ன, காய்ச்சுக் கொட்டுது. ஆமா. நெஜமாத்தான். பை நெறையக் கொண்டு வரேன். ரெண்டு பை. கத்திரி, வெண்டை, அவரை, தக்காளி, முருங்கைக்கா... ஆங்? ஆமா, முருங்கைக்காயுந்தான். நல்ல நீளம். ஆமா, நம்ம மாடியிலதான். கேக்குதா? செண்பகம், லைன்ல இருக்கியா? சரி. சரி சரி. அப்படியா? நெஜமாவா? சரிம்மா. வச்சிடட்டா?"

தம்பி. வரேன்னுட்டா.

கொஞ்சம் இருங்க, மூச்சு வாங்கிக்கிறேன். வரேன்னுட்டா. நான் கேக்கவே இல்ல தம்பி, அவளாச் சொன்னா. வாயில பொய் தானா வந்துருச்சு. தோட்டம் எப்படி இருக்குன்னு கேட்டா, காய்ப்பு நின்னு போச்சுன்னு சொல்ல மனசு வரல. என்னமோ வாய்க்கு வந்ததை அடுக்கிட்டேன். முருங்கைக்கா வேற சொல்லித் தொலைச்சேன். எங்க மாடியில ஏது முருங்கை மரம்? "முருங்கைக்காயுமா?"ன்னு ஒரு தரம் கேட்டா. ஆமான்னுட்டேன். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் பேச்சே இல்ல. லைன் கட்டாயிருச்சுன்னு நெனைச்சேன்.

அப்புறம் சொல்றா, "எல்லாத்தையும் பத்திரமாக் கொண்டு வாங்க. மத்தியானம் நானே சமைக்கிறேன், வயிறாரச் சாப்பிடுங்க. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்பலாம்"னு. குரலு ஒரு மாதிரி கம்மியிருந்துச்சு. மலைக்காத்து, சளி பிடிச்சிருக்கும்.

முருங்கையை அவ கவனிக்கவே இல்ல பாத்தீங்களா? வெகுளி. தோட்டம் காய்ச்சிருச்சுன்னு கேட்ட உடனே மனசு மாறிருச்சு. மூணு மாசக் கோவம், மக சொல்லி தீரல, மாப்பிள்ளை சொல்லி தீரல, சொந்தத் தோட்டத்துக் காய்ன்னதும் தீந்து போச்சு. வீட்டுலயே இயற்கையா காய் போடுறதுல என்ன பிரயோசனம்னு சங்கத்துல கேப்பாங்க. உடம்புக்கு நல்லது, காசு மிச்சம்னு இத்தனை நாளும் சொல்லிட்டிருந்தேன். இனி இதையும் சேத்துச் சொல்லணும்.

சரி, இப்ப ஒரு உதவி செய்ங்க தம்பி. நீங்க எறங்குற எடத்துலயே நானும் எறங்கிக்கிறேன். மார்க்கெட்டுல உங்களுக்குப் பழக்கமான கடை இருக்கும்ல? கத்திரி ஒரு கிலோ, வெண்டை ஒரு கிலோ, அவரை, தக்காளி. ரொம்பப் பளபளன்னு வேண்டாம். கொஞ்சம் கோணல் மாணலா, அங்கங்க ஒரு பூச்சி ஓட்டையோட பாத்துப் பொறுக்கிக் குடுங்க. எனக்கு வாங்கத் தெரியாது, நாலு வருஷமாச்சு.

எனக்கு மட்டும் மனசு இல்லையா தம்பி? நானே விஷத்தை வாங்கி அவ கையில குடுக்கப் போறேன். ஒரு வேளைதானே. உப்பும் மஞ்சளும் போட்டு மூணு தண்ணியில அலசச் சொல்றேன். அவ தட்டுல கம்மியா வச்சுட்டு மிச்சத்தை நான் சாப்பிட்டுர்றேன். வீட்டுக்குப் போயிட்டா அப்புறம் கவலை இல்ல. அவ மாடி ஏறுனா மறுநாளே கூடை நெறைஞ்சிரும்.

அவளுக்குத் தெரியாது. கடைக்காய் எது, நம்ம காய் எதுன்னு பிரிச்சுப் பாக்க அவளுக்கு எங்க தெரியப் போகுது, வாங்கியே பழக்கமில்லாதவ.

என்ன தம்பி, கண்ணைத் தொடச்சுக்கிறீங்க? தூசியா? நான்தான் சொன்னேனே, அந்தத் திரையை இழுத்து விடுங்கன்னு. எறங்குற எடம் வந்துருச்சு போல. சாக்கை எடுத்துக்கங்க. மொதல்ல முருங்கைக்கா கடைக்குப் போயிருவோம்.